சாம்பாவும் துண்டுச்சீட்டும்

சாம்பா என்றதும் மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும் சம்பா அரிசி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல :-) இது லினக்ஸ் கணினியில் உள்ள கோப்புகளை விண்டோஸிலிருந்து திறக்க உதவும் இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் கான்பராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-ல் வெளியிட்டது. முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம் என்று தெரியவந்ததும், எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லைக் கணினியின் அகராதிக் கோப்பில் தேடி சாம்பாவைப் பிடித்தார்.

நான் காமர்ஸ்காரன். எனவே மீதியை வங்கி பாஷையில் சொல்கிறேன்.

பேரேட்டில் "விவரம் 42-ம் பக்கம் பார்க்க" என்று எழுதுவோமே, சிம்பாலிக் லிங்க் அதேதான். கோப்பு அங்கே இருக்காது, இருக்குமிடம் சொல்லும் சீட்டு மட்டும் இருக்கும். ஊர்க் கல்யாணப் படங்கள் இரண்டாவது டிஸ்கில் இருந்தாலும், பகிர்ந்த போல்டரில் ஒரு சீட்டு போட்டால் போதும், எல்லோரும் பார்க்கலாம். பகிர்ந்த போல்டருக்கு வெளியே போகும் சீட்டையும் மதிக்கும் இந்த வசதிக்குப் பெயர் 'வைட் லிங்க்ஸ்'. 'யுனிக்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று இன்னொரு வசதி. வெளியிலிருந்து இணைபவரே சீட்டு எழுதி வைக்க அது இடம் கொடுத்தது. அப்போதெல்லாம் நாம் எதுவும் மாற்றாவிட்டால் இரண்டும் திறந்தே இருந்தன.

தனித்தனியே இரண்டும் சாது. சேர்ந்தால்தான் வில்லங்கம். வங்கியில் வவுச்சர் எழுதுபவர் ஒருவர், பாஸ் செய்பவர் இன்னொருவர். இங்கே வாடிக்கையாளரே சீட்டு எழுதுகிறார், சர்வர் கேள்வி கேட்காமல் பாஸ் செய்கிறது! போல்டரில் எழுத அனுமதி பெற்றவர், போல்டருக்கு வெளியே தன் கணக்குக்குப் படிக்க உரிமையுள்ள எந்தக் கோப்பையும் எட்டிவிடலாம்.

2010 பிப்ரவரியில் ஒருவர் இதை வீடியோவில் செய்து காட்டினார். அதே மாதக் கடைசியில் வந்த 3.4.6 பதிப்பு, யுனிக்ஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் இருந்தால் வைட் லிங்க்ஸைத் தானாகவே அணைத்தது. தவறே செய்யாமல் சீட்டு போட்டு வைத்திருந்தவர்களுக்கும் போல்டர்கள் திறக்கவில்லை. புகார்கள் குவிந்தன. பிற்பாடு இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு வழி கொடுத்தார்கள். அதன் பெயரே 'அலவ் இன்செக்யூர் வைட் லிங்க்ஸ்'. பத்திரமில்லை என்று தெரிந்தே கையெழுத்துப் போடு என்று அர்த்தம்.

கோபப்பட்டவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் நம் வீட்டுக் கணினியில் பாஸ்போர்ட் நகல், பி.எஃப். காகிதம், அப்பாவின் டெபாசிட் ரசீது எல்லாம் இருக்கிறதே. பூட்டிக் கொடுத்துவிட்டு, திறக்க வேண்டுமா என்று நம்மைக் கேட்பதுதான் முறை.

வீட்டில் சாம்பா வைத்திருந்தால், இந்த ஞாயிறு அந்த மூன்று வரிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.