அத்திக்கு உறவு பலா: கடலூர், சிதம்பரம் பருவ உணவின் கதை

பிரான்ஸ் நாட்டுக் கிராமங்களில் கோடை முடியும்போது அத்திப்பழம் பழுக்கும். மரத்தடியில் நின்றபடியே பறித்துச் சாப்பிடுவதுதான் அங்கே ருசி. நன்றாகப் பழுத்த அத்தி இரண்டு நாள்கூடத் தாங்காது. அதனால் பருவம் வரும்வரை காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா? உண்டு. அதுவும் அத்திக்கு நெருங்கிய சொந்தம்! தாவரவியல்படி அத்தி, ஆல், அரசு, பலா எல்லாமே ஒரே குடும்பம். கிளையை ஒடித்தால் பால் வடிவது இவற்றுக்குப் பொதுவான அடையாளம். அந்தப் பலாவுக்குத் தமிழ்நாட்டில் பேர்போன இடம் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி.

மரத்தின் பெயரில் ஊர்

இந்தப் பகுதியில் ஊர்ப்பெயரே மரப்பெயர்தான். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அது ஒரு மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தால் பெயர் பெற்றது. இன்று தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் சிதம்பரம் நகருக்குள் தேடிப் பயனில்லை. கிழக்கே பிச்சாவரம் சதுப்பு நிலக் காட்டுக்குப் போகவேண்டும். பெயர் ஊரில் தங்கிவிட்டது, மரம் கடலோரம் ஒதுங்கிவிட்டது.

கடல் வழியே வந்த விருந்தாளிகள்

பலா இந்த மண்ணின் மரம். மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் தாயகம் என்கிறார்கள். மலையாளத்துச் 'சக்க' போர்த்துகீசியர் வாயில் 'ஜாக்க' ஆகி, ஆங்கிலத்தில் 'ஜாக்' ஆனது. ஆனால் பலாவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் முந்திரி அப்படியல்ல. அதன் சொந்த ஊர் பிரேசில். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வேறு பயிர் அதிகம் விளையாத செம்மண்ணிலும் மணலிலும் அது வேர்பிடித்துக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், 'முந்திரி' என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. பழைய கணக்கில் 320-இல் ஒரு பங்குக்குப் பெயர் முந்திரி. திராட்சையையும் கொடிமுந்திரி என்பார்கள். புதிதாக வந்த மரத்துக்குப் பழைய சொல்லையே சூட்டிவிட்டார்கள்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. பரங்கியர், அதாவது போர்த்துகீசியர், வந்து தங்கிய துறைமுகம். அவர்கள் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பூசணி வகைக்கு 'பரங்கிக்காய்' என்ற பெயர் வந்ததும் அந்தப் பரங்கியரால்தான். இன்று அதை அந்நியக் காய் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்!

வேர்க்கடலையின் கதை இன்னும் சுவையானது. இதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். கடலூர், விழுப்புரம் பக்கத்தில் இதை 'மல்லாட்டை' என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காடு மாவட்டத்துக் கடலை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரி வழியாகக் கப்பலேறி மார்செய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது.

பீரங்கிக் குண்டும் பலாச்சுளையும்

இந்தக் கரைக்காக ஐரோப்பியர்கள் சண்டை போட்டது தனிக் கதை. 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை எல்லை என்பது ஒப்பந்தம். நாலாபக்கமும் சுட்டு எல்லை வகுத்தார்கள். குண்டு உப்பலவாடி போன்ற பெயர்கள் இன்னும் அதை நினைவூட்டுகின்றன. 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்த ஆங்கிலேயருக்கு 1752 வரை இந்தக் கோட்டையே தலைமையிடம். 1758-இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து இடித்தது. கோட்டை போய்விட்டது. அந்தக் காலத்து வணிகக் கப்பல்களில் வந்த பயிர்கள் மட்டும் போகவில்லை.

தில்லையின் தட்டு

சிதம்பரத்தில் பருவத்தைச் சொல்வது கோயில் நாள்காட்டி. மார்கழித் திருவாதிரைக்குக் களி. வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் சேர்ந்தது. சேந்தனார் என்ற ஏழை அடியார் படைத்த களியை நடராசர் விரும்பி ஏற்றார் என்பது கதை. களிக்குத் துணை ஏழுகறிக் கூட்டு. அதில் அவரை, மொச்சை, சேனை, வாழைக்காய் என நம் காய்கள் இருக்கும். கூடவே பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளியும் உட்கார்ந்திருக்கும். இரண்டும் கடல் தாண்டி வந்தவை. அந்த மாதத்தில் தோட்டத்தில் எது விளைந்ததோ அதுதான் பானைக்குள் போனது.

சிதம்பரத்துச் சம்பா சாதமோ வேறு மாதிரி. நெய், மிளகு, சீரகம் மட்டுமே காரம், மணம் எல்லாம். மிளகாய் கிடையாது. மிளகாய் நம் நாட்டுக்கு வருவதற்கு முந்தைய சமையலின் சாயல் இதில் தெரிகிறது. அதற்குத் தொட்டுக்கொள்ள கத்தரிக்காய் கொத்சு.

பங்குனி, சித்திரையில் முந்திரிப்பழம். கொட்டை உலகமெல்லாம் போகும், பழம் ஊரைத் தாண்டாது. பறித்த ஒரு நாளில் அழுகத் தொடங்கிவிடும். தொண்டை கரகரக்கும் என்று உப்புத் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஆனிவரை பலா. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்க வேண்டும். கொட்டையையும் விடுவதில்லை, குழம்புக்கு ஆகும்.

ஒரே இரவில்

2011 டிசம்பர் 30. மார்கழி மாதத்து அதிகாலை. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் தாத்தா காலத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. பூவெடுக்கும் நேரத்தில் முந்திரி போனது.

நெல் போனால் அடுத்த பட்டத்தில் நட்டுவிடலாம். முந்திரி மறுபடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் வேண்டும். விதை போட்டு வளர்க்கும் பலாவுக்கு ஏழு, எட்டு ஆண்டுகள். அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும்? பிள்ளையின் படிப்புக்கு எதை விற்கும்? முந்திரி ஆலைகள் வெளிநாட்டுக் கொட்டையை இறக்குமதி செய்து ஓட்டலாம். தோப்புக்காரருக்கு அந்த வழி இல்லை. நிழலில் விளையாடி வளர்ந்த மரத்தை விறகு விலைக்கு விற்றவர்கள் ஏராளம்.

ஆனாலும் மறுபடி நட்டார்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஒட்டு முந்திரி, பாலூர் ஆராய்ச்சி நிலையத்துப் பலா என்று புதிய கன்றுகளும் தோப்புக்கு வந்தன. கோடையில் பண்ருட்டிச் சாலையோரம் பலாப்பழங்கள் மறுபடி குவிந்தன.

இப்போது எந்தப் பழமும் எந்த மாதத்திலும் குளிர்பெட்டியில் கிடைக்கிறது. முந்திரிப்பழம் மட்டும் இன்னும் அதற்கு வசப்படவில்லை. அதைத் தின்னவேண்டுமானால் சித்திரை மாதம், தோப்புக்கே போகவேண்டும். பிரான்ஸ் நாட்டு அத்தி மரத்தடியில் நிற்பவருக்கும் பண்ருட்டித் தோப்பில் நிற்பவருக்கும் பருவம் சொல்வது ஒன்றுதான்: காத்திரு, மரத்தைக் காப்பாற்று.