ரெண்டு புள்ளி நாலும் ஒண்ணு புள்ளி ஆறும்

2017 ஜூலை 10ஆம் தேதியோடு சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை மூடிவிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. தேக்காவில் மீன்கறிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நடந்து போனேன். தார்ப்பாய் மேல் பழைய கடிகாரம், ரிமோட், செருப்புகளுக்கு நடுவே இரண்டு லேப்டாப். ஒன்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-எம், மற்றதில் 1.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் எம். முதலாவதுக்கு நாற்பது வெள்ளி, இரண்டாவதுக்கு இருபத்தைந்து.

"அங்கிள், இது மட்டும் ஏன் கம்மி?"

"நம்பரப் பாரு தம்பி. அது ரெண்டு புள்ளி நாலு, இது ஒண்ணு புள்ளி ஆறு. இதக்கூடவா சொல்லணும்?"

பேரம் பேசாமல் இரண்டையும் வாங்கி, எம்ஆர்டி ஏறி ஆங் மோ கியோ வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அங்கிள் மேல் தப்பில்லை. 2000களின் தொடக்கத்தில் உலகமே அப்படித்தான் கணக்குப் போட்டது.

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 அந்த எண்ணை ஏற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஒரு கட்டளையை நிறைவேற்றும் வேலையை இருபது கட்டங்களாகப் பொடிப்பொடியாக வெட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வேலை குறைவு என்பதால் கடிகாரத்தை வேகமாக ஓட்டலாம். பரோட்டாக் கடையில் இருபது பேர் வரிசையாக நின்று கைமாற்றிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள், வாடிக்கையாளர் குழம்பு கேட்பாரா சீனி கேட்பாரா என்று ஊகித்துத்தான் மாவை எடுக்கிறார். ஊகம் தப்பினால் வரிசையில் இருக்கும் அத்தனை பரோட்டாவையும் குப்பையில் கொட்ட வேண்டும். வரிசை நீள நீள நஷ்டமும் கூடும். 2004இல் வந்த பிரஸ்காட் வடிவத்தில் கட்டங்கள் முப்பத்தொன்றாயின. ஆசையைப் பாருங்கள்.

மேசைக் கணினி என்றால் பெரிய மின்விசிறி வைத்துச் சமாளிக்கலாம். மடியில் வைக்கும் பொருளுக்கு அது முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-எம்மின் வெப்ப வரம்பு 35 வாட். 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய சில லேப்டாப் பென்டியம் 4கள் 70 வாட்டையும் தொட்டன. இந்த வரம்பை மின்செலவு என்று நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மும்முரமாக வேலை செய்யும்போது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பதற்கான அளவு அது. ஆனால் குளிர்சாதனம் இல்லாத வீவக வீட்டில், மத்தியானம் இரண்டு மணிக்கு அதன் முன் உட்கார்பவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் பெரிதாகத் தெரியாது.

மாற்று வழி இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் உருவாக்கிய டிம்னா என்ற மலிவு விலைச் சிப்பை 2000இல் நிறுவனம் கைவிட்டிருந்தது. அதே குழு, பழசாகிவிட்டதாகக் கருதப்பட்ட பென்டியம் 3 வழியை மறுபடி கையிலெடுத்தது. கட்டங்களைக் குறைவாக வைத்து, உள்நினைவகத்தை ஒரு மெகாபைட்டாக, அதாவது பென்டியம் 4-எம்மைவிட இரட்டிப்பாக ஆக்கினார்கள். பயன்படாத பகுதிகளுக்கு மின்சாரத்தைக் குறைத்தார்கள். 2003 மார்ச்சில் சென்ட்ரினோ என்ற விளம்பரப் பெயரோடு வந்த பென்டியம் எம் அதுதான். 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடி, 24.5 வாட் வரம்புக்குள் நின்றுகொண்டே, பெரும்பாலான வேலைகளில் அது 2.4ஐ எட்டிப் பிடித்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது அது சும்மா இருக்கும் விதம். சிப் செலவழிக்கும் மின்சாரம், கடிகார வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தோடு வர்க்கமாகவும் ஏறும். அழுத்தம் பாதியானால் செலவு கால்வாசியாகும். 1.6 பென்டியம் எம் முழு வேகத்தில் 1.484 வோல்ட்டில் ஓடும். வேலை இல்லாதபோது 600 மெகாஹெர்ட்ஸுக்கும் 0.956 வோல்ட்டுக்கும் இறங்கிவிடும், வெப்ப வரம்பும் 6 வாட்டாகிவிடும். பென்டியம் 4-எம்மோ 1,200 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. கட்டுரை எழுதுகிறவரின் கணினி பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. நாம் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தை அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

2006இல் இந்த வழியில் வந்த கோர் 2 டுவோ மேசைக் கணினியிலும் பென்டியம் 4ஐ ஓரங்கட்டியது. பென்டியம் டி வரிசையில் சில மாதிரிகள் 130 வாட் கேட்ட இடத்தில், இதன் பெரும்பாலான மாதிரிகளுக்கு 65 வாட் போதுமானதாக இருந்தது.

தமிழுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் கணியனை உருவாக்கி, 1995 அக்டோபரில் தமிழ் இணையத்துக்கு வந்தபோது இருந்தவை முதல் தலைமுறைப் பென்டியம்களும் 486களும்தான். 1997இல் இங்கே நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவைதான். தமிழ் தட்டச்ச ஒரு கிகாஹெர்ட்ஸ்கூடத் தேவைப்பட்டதில்லை.

அப்படியானால் பழைய லேப்டாப்பை ஏன் தூக்கிப் போடுகிறோம்? "கரண்ட் தின்னும்" என்பார்கள். சரி, போட்டுப் பார்ப்போம். பழையது சராசரி 20 வாட், புதியது 6 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் நான்கு மணி நேரம் பயன்படுத்தினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 யூனிட் மிச்சம். சிங்கப்பூர்க் கட்டணத்தில் ஆறேழு வெள்ளி, கரியமில வாயுவில் எட்டுக் கிலோ சொச்சம். ஒரு புது லேப்டாப்பைச் செய்து முடிப்பதற்குள்ளேயே நூறு கிலோவுக்கு மேல் வெளியாகிவிடுகிறது என்று தயாரிப்பாளர்களின் அறிக்கைகளே சொல்கின்றன. மிச்சம் பிடித்து அதை ஈடுகட்டப் பன்னிரண்டு வருடம் ஆகும்.

அந்தச் செலவு எங்கே நடக்கிறது என்று பார்க்க நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. இத்தாலிய நிறுவனமான எஸ்ஜிஎஸ் 1969இல் தோ பாயோவில் தொழிற்சாலை வைத்து, 1984இல் ஆங் மோ கியோவில் சிலிக்கான் வில்லைகளைச் செய்யும் ஆலையைத் திறந்தது. இன்று அது எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ். என் லேப்டாப்புகளின் பிராசசர்கள் அங்கே பிறந்தவை அல்ல. ஆனால் சிப் ஆலை எவ்வளவு மின்சாரம் கேட்கும் என்பதற்கு அதைச் சுற்றி நடந்தால் போதும். அதைக் குளிரவைப்பதற்கென்றே எஸ்பி குழுமத்தோடு சேர்ந்து ஒரு பெரிய மையக் குளிரூட்டு அமைப்பைக் கட்டினார்கள்.

என் இரண்டு லேப்டாப்பையும் மின்கட்டணம் சாகடிக்கவில்லை. முதல் தலைமுறைப் பென்டியம் எம்மில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய நினைவகத்தைக் கையாளும் பிஏஇ என்ற வசதி உள்ளே இருந்தும், "என்னிடம் இருக்கிறது" என்று அது மென்பொருளிடம் சொல்லாது. அதனால் உபுண்டு 12.04 வந்தபோதே நிறுவல் நின்றுபோனது. பிறகு 14.04இல், வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைக்கும் ஒரு கட்டளையைச் சேர்த்தார்கள். 2025இல் டெபியன் 13, 32-பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவியையே விட்டுவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் இன்டெல் பட்டியலோ, சில விதிவிலக்குகள் போக, 2017இன் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய 15 வாட் பிராசசர்கள், நன்றாகவே ஓடுகிறவை, பட்டியலில் இல்லை. அங்கிளாவது ஹெர்ட்ஸைப் பார்த்தார். இவர்கள் பிறந்த வருடத்தைப் பார்க்கிறார்கள்.

பென்டியம் 4-எம்மை மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டேன். மற்றது மேசையில் இருக்கிறது. பேட்டரி செத்துப்போய்விட்டதால் எப்போதும் வயரோடுதான். இந்தக் கட்டுரையின் முதல் பாதியை அதில்தான் தட்டினேன். இரண்டாம் பாதிக்குச் சில தேதிகளைச் சரிபார்க்க இணையம் தேவைப்பட்டது. அதிலுள்ள பழைய உலாவியில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. எழுந்து மனைவியின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டேன்.