முசிறிச் சரக்கின் பாதை
வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கிரேக்க எழுத்து. சேர நாட்டு முசிறியோடு நடந்த கடல் வணிகத்துக்குக் கடன் வாங்கியவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் அது.

சரக்கு எங்கெங்கே கைமாறும் என்பதை அந்த ஏடு விடாமல் சொல்கிறது. செங்கடல் துறையில் இறங்கியதும் நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். பாலைவனம் நெடுகக் காவல் போட வேண்டும். கொப்டோஸ் நகரின் வரிக்கிடங்கில், கடன் கொடுத்தவரின் முத்திரையின்கீழ் சரக்கு காத்திருக்கும். பிறகு நைல் நதி வழியே அலெக்சாந்திரியா. அங்கும் அதே முத்திரை. சுங்கம் நான்கில் ஒரு பங்கு. ஏட்டின் மறுபக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கை நளதம் என்ற நறுமணத் தைலப்பொருள், யானைத் தந்தம்.



அந்தப் பழைய பாதையின் சாயலில், 2023 செப்டம்பரில் தில்லி ஜி20 மாநாட்டின்போது, இந்தியாவை வளைகுடா வழியாக ஐரோப்பாவோடு இணைக்கும் புதிய பாதை அறிவிக்கப்பட்டது. அதிலும் சரக்கு கப்பலிலிருந்து ரயிலுக்கும், மறுபடி கப்பலுக்கும் மாற வேண்டும். அடுத்த மாதமே, அந்தப் பாதைக்கு அருகிலுள்ள காசாவில் போர் மூண்டது. தண்டவாளத்தைவிட, வழியிலுள்ள நாடுகளின் அமைதிதான் இந்தப் பாதைக்கு முதல் தேவை.