காரின் ஆக்சிஜன் சென்சாரும் சூளையின் ஆக்சிஜன் சென்சாரும்

செக் எஞ்சின் விளக்கு அணையவில்லை, மைலேஜும் விழுந்துவிட்டது என்று பெரம்பலூரின் நெடுஞ்சாலையோரப் பட்டறைக்கு ஒரு பெட்ரோல் கார் வருகிறது. ஸ்கேனரில் பி0131 என்ற பிழைக் குறியீடு வந்தால் முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதிதைப் பூட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். இதுபோன்ற கோளாறை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி அரியலூரில், சிமென்ட் சூளைக்காரர்கள் வேறு மாதிரி அணுகுகிறார்கள். அவர்கள் வழிதான் சரி என்பேன்.

காரின் சென்சாருக்கும் சூளையின் சென்சாருக்கும் வேலை ஒன்றே: எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது. 1976-ல் பாஷ் நிறுவனம் வோல்வோ காருக்குத் தந்த சென்சாரும், பல ஆலைகளில் புகையை அளக்கும் கருவியும் சிர்கோனியா என்ற பீங்கானால் ஆனவை. சூடேறிய அந்தப் பீங்கானுக்கு ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டுக்கும் ஆக்சிஜன் வேறுபாடு கூடினால் மின்னழுத்தமும் கூடும்.

ஏமாறும் விதமும் ஒன்றே. சூளையின் வாய்ச் சீல் தேய்ந்தால் மின்விசிறியின் இழுப்பில் வெளிக்காற்று புகுந்து, ஆக்சிஜன் ஏராளம் என்று கருவி காட்டும். அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் உள்ளே கார்பன் மோனாக்சைடு பெருகும். காரில் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தால், புகை விட்டுவிட்டு வரும் இடைவெளியில் காற்று உள்ளே போகும். பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இன்னும் ஊற்றும். சென்சார் பொய் சொல்லவில்லை; தன்னிடம் வந்ததைத்தான் சொல்கிறது.

ஆலையில் யாரும் எடுத்த எடுப்பில் கருவியை மாற்றுவதில்லை. புகையைக் கருவிக்குக் கொண்டுவரும் குழாயில் சுண்ணாம்புத் தூள் அடைத்திருந்தால் அழுத்தக் காற்றால் ஊதுவார்கள். ஆக்சிஜன் அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி, கருவி அதே அளவைக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். சூளை நின்றால் வரும் நட்டம் பெரிது, அதனால் வந்த நிதானம் இது.

காரில் அப்படி ஒரு வாயு தேவையில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வைத்து ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதித்தால் 0.9 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஒரு வேக்யூம் குழாயைக் கழற்றினால் 0.2-க்குக் கீழே இறங்க வேண்டும். (அகல வரம்பு சென்சார் உள்ள கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) இரண்டுக்கும் துடிப்பாக அசைந்தால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. கேஸ்கெட் ஓரத்தைப் பாருங்கள்: விசிறிபோல் கரி படிந்திருந்தால் கசிவு அங்கேதான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று கேட்டுச் சூடானதும் நிற்பதும் அதன் அடையாளம்.

ஓர் இடத்தில் மட்டும் சூளையின் பாடம் காருக்கு ஒத்துவராது. அங்கே குழாயைச் சுத்தம் செய்யலாம். கார் சென்சாரைக் கழுவிப் பயனில்லை. சிலிகான் பசையோ கூலன்ட்டோ படிந்து கெட்டதும், ஹீட்டர் கம்பி அறுந்ததும் மாற்ற வேண்டியவையே. 22 எம்எம் ஸ்பேனர் போதும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது திருகினால் மரை பிய்யும் ஆபத்து குறைவு.

பூட்டிய பின் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடக் கூடாது. கொஞ்ச தூரம் ஓட்டி, ஸ்கேனரில் ஃபியூல் டிரிம், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் வேலை முடிந்தது. கூட்டல் 20 சதவீதத்திலேயே நின்றால் காற்று இன்னும் எங்கோ புகுந்துகொண்டிருக்கலாம்.