கதர் மூட்டை: பண்டிகைக் கடைகளின் பழைய கதை

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 2 வந்தால் தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் ஒரே மாதிரி ஒரு காட்சி நடக்கும். கலெக்டர் வந்து காந்தி படத்துக்கு மாலை போடுவார், குத்துவிளக்கு ஏற்றுவார், கதர் அங்காடியில் தீபாவளி தள்ளுபடி விற்பனையைத் தொடங்கி வைப்பார். மறுநாள் பேப்பரில் படம் வரும். அரசு அலுவலகங்களின் வளாகத்திலும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலும் சில வாரங்களுக்கு மட்டும் தற்காலிகக் கடைகள் முளைக்கும். தீபாவளி முடிந்ததும் காணாமல் போகும்.

கையால் செய்த பொருளை ஏன் பண்டிகை நாளில் மட்டும் இப்படி விற்க வேண்டும்? மற்ற நாட்களில் யாரும் வாங்க மாட்டார்களா? இதற்கான பதில் நூறு வருடப் பழையது. அதில் பெரும்பகுதி நடந்தது திருப்பூர் வட்டாரத்தில்தான்.

இன்று ஊத்துக்குளி என்றால் வெண்ணெய் நினைவுக்கு வரும், திருப்பூர் என்றால் பனியன். பனியன் வருவதற்கு முன்பே இந்தப் பகுதி பருத்திக் காடு. மழை பொய்த்த மாதங்களில் தோட்டத்தில் வேலை இருக்காது. அப்போது வீட்டுப் பெண்களுக்குக் கைகொடுக்கக் கூடிய தொழில் ராட்டை. மில் துணி வந்த பிறகு கைநூலுக்கு மதிப்புக் குறைந்தது. பல ராட்டைகள் பரணுக்குப் போயின.

அவற்றைக் கீழே இறக்கியது ஒத்துழையாமை இயக்கம். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேல்சட்டையை விட்டு இடுப்பில் வேட்டியோடு நின்றார். அதே காலத்தில் ஈரோட்டில் பெரும் வியாபாரியாக இருந்த ஈ.வெ.ராமசாமி, தோளில் கதர் மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். பின்னாளில் கதரைக் கடுமையாக விமர்சித்த அதே பெரியார்தான்!

1925 முக்கியமான வருடம். பிப்ரவரியில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். வறட்சியில் வாடிய கிராமங்களுக்கு ராட்டை மூலம் கூலி கொடுப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கம் உருவானது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் இயங்கியது. சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் பஞ்சு போகும், நூலாகத் திரும்பும், தறிக்குப் போகும், துணியாக வெளியூர்களுக்கு ரயில் ஏறும். கதருக்குத் தலைநகரம் என்ற பெயர் திருப்பூருக்கு வந்தது இப்படித்தான். திருப்பூரின் முதல் பின்னலாடை ஆலை ஆரம்பித்ததும் அதே 1925-ல் என்றுதான் சொல்லப்படுகிறது. ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டு வேறு பாதைகள்.

நூற்பது ஒரு பிரச்சினை என்றால் விற்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. கதர் முரடாக இருந்தது, மில் துணியைவிட விலையும் அதிகம். கடை போட்டு உட்கார்ந்தால் வாடகைக்கே கட்டாது. அதனால் காங்கிரஸ்காரர்கள் நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். 1919 ஹர்த்தால் நடந்த ஏப்ரல் 6 முதல் ஜாலியன் வாலாபாக் நடந்த ஏப்ரல் 13 வரை "தேசிய வாரம்". அடுத்தது காந்தி ஜெயந்தி. தன் பிறந்த நாளை ராட்டையின் நாளாகக் கொண்டாடுங்கள் என்று காந்தியே கேட்டுக்கொண்டார். இந்த நாட்களில் வக்கீல்களும் மாணவர்களும் துணி மூட்டையோடு தெருவில் இறங்குவார்கள். சாதாரண நாளில் பேரம் பேசுகிறவர் அன்றைக்கு வாங்கிவிடுவார். விலைக்குப் பின்னால் ஒரு காரணம் இருப்பது அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் விற்பனை கூடியதும் போலியும் வந்தது. மில் நூலில் நெய்த துணியைக் கதர் என்று விற்றார்கள். சர்க்கா சங்கம் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. 1934-ல் கதர் என்ற பெயரைப் பாதுகாக்க ஒரு சட்டமே வந்தது. 2013-ல் வந்த "காதி மார்க்" விதிகளும் இதே நோய்க்கான மருந்துதான்.

அடுத்தது கூலி. கதரை மலிவாக விற்க வேண்டும் என்றால் நூற்பவருக்குக் குறைவாகத்தான் கொடுக்க முடியும். பல ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது. 1935-ல் காந்தி இந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார். நூற்பவருக்கு வயிறு நிறையும் கூலி வேண்டும், எட்டு மணி நேரத்துக்கு எட்டணா கிடைத்தால்தான் நியாயம் என்றார். சங்கம் கூலியை உயர்த்தியது, ஆனால் எட்டணாவை எட்ட முடியவில்லை. கூலி ஏறியதால் துணி விலையும் ஏறியது. வாங்குகிறவர்கள் குறைந்துவிடுவார்களே என்று சங்கத்துக்குள்ளேயே கவலைப்பட்டார்கள். துணியில் குறையும் ஒவ்வொரு காசும் யாரோ ஒரு பெண்ணின் கூலியிலிருந்து குறைகிறது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

இதற்குக் கருவி வழியாகவும் விடை தேடினார்கள். 1929-லேயே சிறந்த ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்த நாளில் எவ்வளவு பெரிய தொகை! சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய பல கதிர் ராட்டை, அவர் பெயராலேயே "அம்பர் சர்க்கா" ஆனது. 1956 சட்டத்தின்படி காதி கிராமத் தொழில் ஆணையம் வந்தது. தேசிய உணர்ச்சி செய்த வேலையை இனி அரசுத் தள்ளுபடி செய்தது. மூட்டை தூக்கிய வக்கீலின் இடத்தில் தள்ளுபடி பேனர். ஆனால் தள்ளுபடி வாங்குகிறவருக்குப் போனது, நூற்பவருக்கு அல்ல. 2010-ல் மத்திய அரசு தன் தள்ளுபடி மானியத்தை மாற்றி உற்பத்தியின் அடிப்படையில் உதவி தரத் தொடங்கியபோது, அதில் 25 சதவீதம் நூற்பவருக்கும் நெய்பவருக்கும் என்று ஒதுக்கியது. 1935-ல் எழுந்த கேள்விக்கு 75 வருடம் கழித்து ஒரு சிறிய பதில்.

மற்ற பாதை எங்கே போனது? 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி திருப்பூர் வந்தார். ஏற்றுமதி பெருகியது. இன்று உலகமெங்கும் கிறிஸ்துமஸ் கடைகளில் தொங்கும் உடுப்புகளில் திருப்பூர் தைத்தவையும் உண்டு. அங்கேயும் பண்டிகைத் தள்ளுபடி உண்டு. அங்கேயும் அந்தக் காசை யாரோ ஒருவர் தன் கூலியில் விட்டுக்கொடுக்கிறார்.

இந்தத் தீபாவளிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கதர்க் கடையோ கைவினைக் கடையோ கண்ணில் பட்டால், "இன்னும் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க" என்று கேட்பதற்கு முன் அந்த எட்டணாவை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.