முதுமையைக் கேட்கும் ஒலி

எங்க ஊர் எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்த ஊர். அவர் காலத்திலேயே, 1816-ல், பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் இதயத்துடிப்பைக் கேட்டார். அதுதான் ஸ்டெதஸ்கோப்பின் ஆரம்பம். 1880-ல் கியூரி சகோதரர்கள் அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களைக் கண்டார்கள். காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் அல்ட்ராசவுண்டுக்கு அதுவே அடிப்படை.

வயசாக ஆக ரத்தக்குழாய்ச் சுவர் விறைக்கும். வலிக்காது. பலருக்குப் பக்கவாதம் வந்தபிறகுதான் விஷயமே தெரியும். எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான்.

சென்னை ஐஐடியில் உருவான ஆர்ட்சென்ஸ் கருவி, கழுத்து ரத்தக்குழாய்க்கு ஒலியை அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் அது எவ்வளவு விரிகிறது என்று அளக்கிறது. ரத்த அழுத்தத்தோடு சேர்த்து விறைப்பைக் கணக்கிடுகிறது. ஸ்கேன் படம்கூடத் தேவையில்லை. ஸ்டெதஸ்கோப் மாதிரி இதுவும் சின்ன ஊர் ஆஸ்பத்திரி வரை வந்து சேரணும்.