காப்பிக்கு நியாய விலை: பாதி மட்டும் மிஞ்சிய ஒப்பந்தம்

நியாய வணிகத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் நல்ல மனம் படைத்தவர்களின் கதையாகவே சொல்லிவருகிறார்கள். 1946இல் மென்னோனைட் சபையைச் சேர்ந்த எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்டோ ரிக்கோவின் பூத்தையல் துணிகளை வாங்கிவந்து தெரிந்தவர்களிடம் விற்றார். 1969இல் நெதர்லாந்தின் பிரூக்கலன் ஊரில் ஏழை நாட்டுப் பொருள்களுக்கென்று முதல் கடை திறந்தது. 1988இல் காப்பிப் பொட்டலத்தின் மீது நியாய வணிக முத்திரை வந்தது. இவை எல்லாமே நடந்தவைதான். ஆனால் அதே காலத்தில் காப்பியின் விலையை அரசுகளே கூடித் தாங்கிப் பிடித்திருந்தன என்பதும், பிறகு அவை கையை விட்டன என்பதும் இந்தக் கதையில் வருவதில்லை. அதையும் சேர்த்துப் பார்த்தால், அரசுகள் கலைத்துவிட்ட ஓர் ஏற்பாட்டின் பாதியை மட்டும் வாங்குபவர்களின் பணத்தால் காப்பாற்ற முயன்றதுதான் நியாய வணிகம் என்று நான் கருதுகிறேன்.

அந்த ஏற்பாடு 1962இல் கையெழுத்தான சர்வதேசக் காப்பி ஒப்பந்தம். பிரேசில், கொலம்பியா போன்ற விளைவிக்கும் நாடுகளோடு, குடிக்கும் நாடான அமெரிக்காவும் அதில் சேர்ந்தது. கியூபப் புரட்சிக்குப் பின், காப்பி விலை சரிந்தால் லத்தீன் அமெரிக்கக் கிராமங்கள் கொந்தளிக்கும் என்ற அச்சம் வாஷிங்டனுக்கு இருந்தது. ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்பதற்கு ஒதுக்கீடு உண்டு. விலை இறங்கினால் ஒதுக்கீடு சுருங்கும், ஏறினால் தளரும். 1973 முதல் 1980 வரை ஒதுக்கீடு செயலற்றுக் கிடந்தது. அதன்பின் 1980களில் ஒரு பவுண்டு காப்பியை 120 முதல் 140 சென்ட்டுக்குள் நிறுத்துவது இலக்காக இருந்தது. பனிப்போர் தணியத் தணிய அமெரிக்காவுக்கு இதில் அக்கறை குறைந்தது. 1989 ஜூலையில் ஒதுக்கீடு முறிந்தது. சில மாதங்களுக்குள் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

முத்திரை பிறந்தது அந்த முறிவுக்கு முன்னால்தானே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. மெக்சிகோவின் ஓஹாகா மாநில மலைகளில் சபோதெக், மிஹே மக்கள் 1980களின் தொடக்கத்தில் ‘உசிரி’ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். ஒப்பந்தம் உயிரோடு இருந்தபோதும், ‘கொயோட்டே’ என்று அவர்கள் அழைத்த இடைத்தரகர்கள் விலையில் பெரும்பங்கை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹோப், சாலிடரிடாட் அமைப்பின் நிக்கோ ரோசனுடன் சேர்ந்து 1988 நவம்பரில் ‘மாக்ஸ் ஹாவெலார்’ முத்திரையைக் கொண்டுவந்தார். ஜாவாவில் டச்சு ஆட்சி குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்ததை அம்பலப்படுத்திய 1860ஆம் ஆண்டு நாவலின் பெயர் அது. ஆக, அரசுகளின் ஒப்பந்தம் ஏற்றுமதி விலையைக் காத்ததே தவிர, மலைக்குடியானவரின் கைக்கு அது போய்ச் சேருகிறதா என்று பார்க்கவில்லை. கூட்டுறவிடம் நேரே வாங்குவதென்ற முத்திரையின் விதி அந்த ஓட்டையை அடைத்தது. ஒப்பந்தத்தை விட இது மேலானது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அடுத்த ஆண்டே ஒதுக்கீடு முறிந்ததால், ஓட்டையை அடைக்க வந்த முத்திரை சுவராகவே நிற்க வேண்டியதாயிற்று. கூடுதல் தொகை 5 சென்ட் உட்பட ஒரு பவுண்டுக்கு 126 சென்ட் என்று அது விலை வைத்திருந்தது. 2001இல் சந்தை விலை 50 சென்ட்டுக்கும் கீழே போனபோது அந்த 126 பலருக்கு நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. குறைந்தபட்ச விலை வைத்தால் மேலும் மேலும் பயிரிட்டு விலையைக் கெடுப்பார்கள் என்று பொருளியலாளர்கள் சிலர் ஆட்சேபிக்கிறார்கள். ஆனால் சந்தையை மூழ்கடித்ததில் 1990களில் வியட்நாமில் பெருகிய சாகுபடிக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்கும் முத்திரைக்கும் தொடர்பில்லை. தகுதி பெற்ற கூட்டுறவுகள்கூடத் தம் விளைச்சலில் ஒரு பகுதியைத்தான் நியாய விலைக்கு விற்க முடிந்தது. மீதி சந்தை விலைக்கே போனது. ஆதார விலையை அறிவித்துவிட்டுக் கொள்முதல் நிலையத்தைத் திறக்காமல் விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் நடந்தது. ஒப்பந்தத்தில் விலையும் அளவும் ஒன்றையொன்று பிடித்திருந்தன. முத்திரையால் விலையை மட்டுமே எடுத்துக்கொள்ள முடிந்தது. உலக உற்பத்தியின் அளவைக் கட்டுப்படுத்த எந்தக் கடைக்காரராலும் ஆகாது.

அந்த விலையும் பணவீக்கத்தில் கரைந்தது. 1988 முதல் 2008 வரை அது ஏறக்குறைய அசையாமல் நின்றது. அதற்குள் அதன் உண்மை மதிப்பு சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டது. விலையை உயர்த்தச் சிறு விவசாயிகள் நெடுங்காலம் மன்றாட வேண்டியிருந்தது. காப்பி ஒப்பந்தத்தில் பிரேசிலுக்கும் கொலம்பியாவுக்கும் வாக்கு இருந்தது என்பதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. பொட்டலம் விற்காமல் தேங்கிவிடுமோ என்ற கவலையில் பணக்கார நாடுகளின் முத்திரை அலுவலகங்கள் தயங்கியபோது, விளைவிப்பவரிடம் அதை மீறும் அதிகாரம் இல்லை.

கூலியாட்களின் நிலை இதைவிட மோசம். 2014இல் லண்டனின் சோஆஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் செய்த ஆய்வில், முத்திரை பெற்ற இடங்களில் கூலி மற்ற இடங்களைவிடக் குறைவாகவே இருந்ததாகக் கண்டார்கள். ஒப்பிட்ட பண்ணைகளின் அளவு வேறுவேறு என்று முத்திரை அமைப்பு மறுத்தது. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் சிறு விவசாயியே கூலிக்கு ஆள் வைக்கிறார் என்பதை முத்திரையின் விதிகள் நெடுநாள் கண்டுகொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. கூலியாட்களின் பெயரைச் சொல்லியே 2011இல் அமெரிக்கப் பிரிவு சர்வதேச அமைப்பிலிருந்து விலகி, பெருந்தோட்டக் காப்பிக்கும் முத்திரை கொடுக்கத் தொடங்கியது. பெருந்தோட்டங்களோடு போட்டியிட்டு நிற்க முடியாது என்று கண்ட லத்தீன் அமெரிக்கக் கூட்டுறவுகள், சிறு உற்பத்தியாளர்களுக்கு மட்டுமேயான தனிச் சின்னம் ஒன்றை அதற்கு முன்பே தாங்களே உருவாக்கியிருந்தன. அதன் விதிகளை எழுதுவதும் விலையைத் தீர்மானிப்பதும் அவர்களுடைய அமைப்புகளே.